இறுதி மூச்சும் ஈசன் திருவடியும்

(திருவாரூரில் அன்பர்கள் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தில்லையைத் தரிசித்தால் முத்தி, காசியில் இறந்தால் முத்தி, அண்ணாமலையை நினைத்தால் முத்தி, ஆரூரில் பிறந்தால் முத்தி என்பது நம் முன்னோர் வழிவழியாகக் கூறிவரும் வாக்கு. பிறப்பினாலேயே பெருமை பெற்ற இவ்வூரில், இன்று இறப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மங்கலமான சந்நிதியில் இப்பேச்சு ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். பிறந்தோர் அனைவரும் கடக்க வேண்டிய அவ்வாயிலைக் குறித்து இறைவன் சந்நிதியில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

நம் காவிரிப் படுகையில் பேரன் பேத்தி கண்டு, நெய்ப்பந்தம் பிடிக்கப் பிள்ளைகள் சூழ, முதிர்ந்த வயதில் அடையும் முடிவைக் 'கல்யாணச் சாவு' என்றே மக்கள் கூறுவர். இன்றோ, அத்தகைய முதியவர் பலர் தீவிர சிகிச்சைப் பிரிவின் மூடிய கதவுக்குள், உற்றார் முகம் காணாது, குழாய்களுக்கிடையே தம் இறுதி நாள்களைக் கழிக்கின்றனர். வெளியே நிற்கும் மகன், "இன்னும் ஏதேனும் செய்யுங்கள்" என்று மருத்துவரிடம் மன்றாடுகிறான். அங்கிருந்து திருக்கோயிலுக்கு ஓடி வந்து அருச்சனை செய்கிறான். அந்நேரத்தில் அவன் இறைவனிடம் எதைக் கேட்க வேண்டும்? நம் பக்தி அந்த நோயாளிக்கு எவ்வாறு துணைசெய்ய வேண்டும்? இதுவே இன்றைய பொருள்.

மூச்சில் ஆடும் பெருமான்

ஏழு விடங்கத் தலங்களுள் தலைமையானது திருவாரூர். இங்குப் பெருமான் ஆடுவது அசபா நடனம். திருமால் தம் திருமார்பில் பெருமானை வைத்துத் தியானித்தபோது, அவருடைய உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் ஏற்பப் பெருமான் எழுந்தும் தாழ்ந்தும் ஆடினார் என்பது தலவரலாறு. 'அசபை' என்பது வாயால் செபிக்கப்படாதது. நாள் ஒன்றுக்கு 21,600 முறை நாம் விடும் மூச்சே மந்திரமாக நிகழ்கிறது என்று யோக நூல்கள் கூறும்.

இதில் ஓர் ஆறுதல் அடங்கியிருக்கிறது. நினைவு தடுமாறியவர், பேச்சிழந்தவர், பெற்ற மக்களின் பெயரையே மறந்தவர் ஆகியோரிடமும் மூச்சு உள்ளது. மூச்சு உள்ளவரை அங்கே பெருமானின் நடனமும் உள்ளது. ஆதலின், "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று எந்த நோயாளியையும் நாம் புறந்தள்ளலாகாது. உள்மூச்சைப் போலவே வெளிமூச்சும் அந்நடனத்தின் பகுதியே என்பதும் இங்கு எண்ணத்தக்கது. இறுதியாக வெளிவரும் மூச்சும் அவனுடைய ஆட்டத்திற்குப் புறம்பானதன்று.

ஆரூரில் பிறந்தோர் அனைவர்க்கும் முத்தி என்பதால் இங்கு எமனுக்குப் பணியில்லாமற் போயிற்று என்றும், அவன் பெருமானை வழிபட்டு இத்திருக்கோயிலில் எமசண்டிகேசுவரராக விளங்குகிறான் என்றும் தலவரலாறு கூறுகிறது. நம் மாவட்டத்து ஸ்ரீவாஞ்சியத்திலும் எமனுக்குத் தனிச்சந்நிதி உண்டு. அஞ்சி ஒதுக்கத்தக்கவனாக உலகம் கருதும் எமனுக்குத் திருக்கோயிலுக்குள்ளேயே இடம் தந்தது நம் சமயம். இறப்பைப் பற்றி வீட்டில் பேசவே கூடாது என்பது நம் அச்சமே அன்றிச் சமயத்தின் கட்டளை அன்று.

கடவூரும் புகலூரும்

நமக்கு அண்மையிலேயே இரு தலங்கள் உள்ளன. ஒன்று திருக்கடவூர். பதினாறு வயது மார்க்கண்டேயரைக் காக்கப் பெருமான் காலனையே உதைத்த தலம். மற்றொன்று திருப்புகலூர். எண்பத்தோர் ஆண்டுகள் வாழ்ந்த திருநாவுக்கரசர் பெருமான் இறைவன் திருவடியில் கலந்த தலம்.

திருக்கடவூரில் இறைவன் உயிரை நிறுத்தித் தந்தான். திருப்புகலூரில் அன்போடு ஏற்றுக்கொண்டான். இரண்டும் அருளே. இரண்டும் பக்திக்குக் கிடைத்த பயனே. நாவுக்கரசருக்கு ஆயுள் நீட்டிக்கப்படவில்லை என்பதால் அவர் பக்தி குறைவுடையது என்று யாரேனும் கூறுவரோ? இறுதிக் காலத்திலும் அவர் கையில் உழவாரம் இருந்தது. பணிசெய்தவாறே திருவடி நிழலை வேண்டி நின்றார்.

நாம் நோயாளியின் படுக்கையருகே நிற்கும்போது பெரும்பாலும் கடவூரை மட்டுமே நினைக்கிறோம். புகலூரை மறந்துவிடுகிறோம். மருத்துவத்தால் தீரக்கூடிய நோய் எனில் கடவூர்ப் பெருமானை நினைந்து இறுதிவரை முயலவேண்டும். இளையவராயினும் முதியவராயினும் அதில் தளர்ச்சி கூடாது. ஆனால், உடல் தன் பயணத்தை முடித்துக்கொள்கிறது என்று மருத்துவர்கள் ஆய்ந்து கூறிய பின்னர், புகலூர்ப் பெருமானை நினைப்பது பக்தியின் தோல்வி ஆகாது. "இவரைக் காப்பாற்று" என்று வேண்டிய நாவால், "இவருக்குத் துன்பம் இல்லாமல் செய், உன் திருவடியில் ஏற்றுக்கொள்" என்று வேண்டலாம். அதுவும் முழுமையான பிரார்த்தனையே.

வலியைத் தணிப்பது வினைக்கு மாறாகுமா?

"அவரவர் வினையை அவரவர் அனுபவித்துத்தான் தீரவேண்டும், வலிக்கு மருந்து கொடுத்தால் வினை கழியாது" என்று கூறுவோர் இன்றும் உள்ளனர். இது பெரும்பிழை. நாவுக்கரசரைச் சூலைநோய் வாட்டியபோது, அவர் தம் தமக்கையாராகிய திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்தார். மணமாகும் முன்பே தமக்கென நிச்சயிக்கப்பட்டவரைப் போரில் இழந்து, தம்பிக்காகவே உயிர் தாங்கியிருந்த அம்மையார் அவர். துன்பம் இன்னதென அறிந்த அந்த அம்மையார், "உன் வினையை நீ அனுபவி" என்று கதவை அடைத்துக்கொள்ளவில்லை. திருநீறு அளித்தார், திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார், தம்பியின் நோய் நீங்க வழிசெய்தார். பிறர் வலியைத் தணிக்க முற்படுவதே சிவத்தொண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இன்றைய மருத்துவமும் இதனை உணர்ந்துள்ளது. செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967ஆம் ஆண்டில் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வு இல்லத்தைத் தொடங்கினார். சாகுந்தறுவாயில் உள்ளவரின் வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும், குடும்பக் கவலையிலும், 'எனக்கு ஏன் இது?' என்னும் ஆன்மக் கேள்வியிலும் அது பரவியுள்ளது என்று அவர் எடுத்துக்காட்டினார். உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் வகுத்த விளக்கமும், உடல், மனம், சமூகம், ஆன்மிகம் ஆகிய எல்லாத் துன்பங்களையும் தணிப்பதே நோய் ஆதரவுச் சிகிச்சை என்று கூறுகிறது.

நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் 1993ஆம் ஆண்டில் மருத்துவர் எம்.ஆர். இராசகோபால், மருத்துவர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்பு மருத்துவமனையைத் தொடங்கினர். பின்னர் ஊர்தோறும் பொதுமக்களே தொண்டர்களாகி நோயாளிகளின் இல்லம் தேடிச் செல்லும் இயக்கமாக அது வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இல்லத்திற்கே வந்து அளிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சை சேர்க்கப்பட்டது. வீட்டில் இத்தகைய நோயாளி இருப்பின், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதுபற்றிக் கேட்பது நம் கடமை.

புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பின் என்னும் மருந்து பெரிதும் உதவுவது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையால் அம்மருந்து நோயாளிகளுக்குக் கிடைப்பது அரிதாயிற்று. 2014ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பெற்று வழி எளிதாக்கப்பட்டது. மருத்துவர் அளவறிந்து கொடுக்கும்போது, "இது போதை மருந்து, இதைக் கொடுத்தால் சீக்கிரம் இறந்துவிடுவார்" என்று அஞ்சி மறுக்க வேண்டுவதில்லை. வலியால் துடிப்பவரின் மனம் இறைவனை எங்ஙனம் நினைக்கும்? வலி தணிந்தவர் வாயிலிருந்தே 'சிவாயநம' என்னும் சொல் அமைதியாக எழும்.

அருகிருப்பவரும் மருந்தே

திருக்கோயிலும் மருத்துவமும் இந்நாட்டில் என்றும் பிரிந்து நின்றதில்லை. குந்தவைப் பிராட்டியார் தம் தந்தை சுந்தர சோழரின் பெயரால் தஞ்சையில் ஆதுலர் சாலை அமைத்தார். 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழர் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, அங்குள்ள பெருமாள் கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளுடன் இயங்கிய 'வீரசோழன்' என்னும் மருத்துவமனையைப் பற்றி விரிவாகக் கூறுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர் ஆகியோருக்கான ஊதியமும், இரவில் எரியும் விளக்குக்கான எண்ணெயும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. இரவு முழுதும் நோயாளியின் அருகில் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று எண்ணிய அந்தக் கருணை உள்ளம் போற்றத்தக்கது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறள், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று வகுக்கிறது. நோயைத் தீர்க்க மருந்து இல்லாத நிலையிலும் நான்காமவராகிய நாம் இருக்கிறோம். "இனி எங்களால் செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்று மருத்துவர் கூறலாம். உறவினர் அவ்வாறு கூறுவதற்கு இடமே இல்லை. கையைப் பற்றிக்கொள்ளுதல், புரட்டிப் படுக்கவைத்தல், வாயைத் துடைத்துவிடுதல், மனத்தில் உள்ள குறையைக் கேட்டல் ஆகிய யாவும் அபிடேக ஆராதனைக்கு நிகரான பணிகளே.

இங்கு ஒன்றைத் தாய்மார்கள் கருத்தில் கொள்ள வேண்டும். இறுதி நாள்களில் பசியும் தாகமும் குறைவது இயல்பு. விழுங்கும் ஆற்றல் குன்றியவர் வாயில் பாலையோ கங்கை நீரையோ மிகுதியாக ஊற்றினால், அது மூச்சுக்குழலில் இறங்கி அவரைத் திணறச் செய்யும். நனைத்த பஞ்சினால் உதட்டையும் நாவையும் ஈரப்படுத்துவதே போதும். அன்புடன் வைத்த ஒரு துளியிலேயே சடங்கின் பயன் நிறைவுபெறும்.

செவியில் ஒலிக்கும் திருநாமம்

காசியில் உயிர் நீங்குவோரின் செவியில் விசுவநாதரே தாரக மந்திரத்தை ஓதுகிறார் என்பது நம்பிக்கை. காசிக்குச் செல்ல இயலாதவர் இல்லத்தில் அத்திருப்பணியை யார் செய்வது? அருகில் இருக்கும் நாம்தாம் செய்ய வேண்டும்.

இத்திருவாரூரில் 1775ஆம் ஆண்டில் தோன்றியவர் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசுவாமி தீட்சிதர். அவர் 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்தில், தாம் மதுரை மீனாட்சியம்மை மீது இயற்றிய கீர்த்தனையைச் சீடர்கள் பாடக் கேட்டவாறே உயிர் நீத்தார் என்று மரபு கூறுகிறது. கமலாம்பிகையைப் பாடிய நாவுக்கு, இறுதியில் பிறர் பாடிய பாட்டே துணையாயிற்று.

செவிப்புலன் இறுதிவரை நிற்பது என்று பெரியோர் கூறியதை இன்றைய அறிவியலும் ஆராய்ந்துள்ளது. கனடா நாட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உணர்விழந்து இறக்குந்தறுவாயில் இருந்த நோயாளிகள் சிலரின் மூளை, ஒலிகளுக்கு நலமுள்ளோரின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. ஆகவே, படுத்திருப்பவர் கேட்கிறார் என்று எண்ணியே பேசுங்கள். அவர் தலைமாட்டில் நின்று சொத்துப் பிரிவினை பேசாதீர்கள். அவருக்குப் பழகிய தேவாரத்தையோ பாசுரத்தையோ மெல்லிய குரலில் ஓதுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பினும், சில நிமிடங்கள் அருகிருக்க மருத்துவரிடம் பணிவுடன் அனுமதி கேளுங்கள்.

கருவியை நிறுத்துவது பாவமா?

பல குடும்பங்களை உறங்கவிடாத கேள்வி இது. நோய் தீரும் வழியே இல்லை. வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியால் மட்டுமே மூச்சு நடக்கிறது. அதனை விலக்கினால் பெற்றவரைக் கொன்ற பாவம் சேருமோ என்று மகன் நடுங்குகிறான். அப்பழிக்கு அஞ்சியே நிலத்தை விற்றும், நகையை அடகு வைத்தும், பயனற்ற சிகிச்சையை நீட்டிப்போர் உளர்.

உயிரைப் போக்க ஊசி போடுவது வேறு. பயன் தராத கருவியை விலக்கி, இயற்கையின் போக்கில் விட்டு, வலியில்லாமல் பேணுவது வேறு. முன்னது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். பின்னதை, உரிய நெறிமுறைகளுடன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2018 மார்ச் 9 அன்று ஏற்றுக்கொண்டது. கண்ணியத்துடன் இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்று அத்தீர்ப்பு கூறியது. 2023 சனவரி 24 அன்று அந்நெறிமுறைகள் எளிமையாக்கப்பட்டன. இம்முடிவை மகன் ஒருவனே எடுப்பதில்லை. மருத்துவமனையின் முதல்நிலை மருத்துவக் குழுவும், அதன்பின் இரண்டாம் நிலைக் குழுவும் ஆராய்ந்து, குடும்பத்தாரின் இசைவுடன் எடுப்பது. ஆகவே, அந்தப் பழியைத் தன் தலைமேல் ஏற்றிக்கொண்டு எந்தப் பிள்ளையும் வாழ்நாள் முழுதும் வருந்த வேண்டுவதில்லை.

நினைத்தாலே முத்தி தரும் திருவண்ணாமலையில் வாழ்ந்த பகவான் இரமண மகரிஷியின் இறுதி நாள்கள் நமக்குப் பாடமாக உள்ளன. அவருடைய இடக்கையில் புற்றுக்கட்டி தோன்றியது. மருத்துவர்கள் நான்கு முறை அறுவைச் சிகிச்சை செய்தனர். அன்பர்களின் விருப்பத்திற்கிணங்க அவற்றை ஏற்ற மகரிஷி, கையையே நீக்கலாம் என்றபோது இசையவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மாலை மருத்துவர் பிராணவாயு செலுத்த முனைந்தபோது, கையசைத்து அதனை விலக்கினார். வெளியே அன்பர்கள் அருணாசலத் துதியைப் பாடினர். இரவு 8.47 மணிக்கு அவர் மூச்சு அடங்கியது. மருத்துவத்தை அவர் பழிக்கவில்லை, ஏற்கவேண்டியதை ஏற்றார். போதும் என்ற நிலையில் போதும் என்றார். மருத்துவமும் பக்தியும் ஒன்றையொன்று மறுக்காமல் அங்கு இறுதிவரை அருகருகே நின்றன.

நலமாயிருக்கும்போதே சொல்லிவைத்தல்

பெரியாழ்வார் திருவரங்கத்து எம்பெருமானிடம் ஒரு விண்ணப்பம் செய்தார். உடல் நலிந்து உணர்வு கலங்கும் அந்நேரத்தில் உன்னை நினைக்க என்னால் இயலாமற் போகலாம். ஆதலால், நினைவு தெளிவாயிருக்கும் இப்பொழுதே முறையிட்டு வைக்கிறேன் என்பது அதன் கருத்து. வருவதை முன்னறிந்து, இயலும்போதே சொல்லிவைத்த ஆழ்வாரின் அறிவு இன்று நம் அனைவருக்கும் வேண்டும்.

எனக்கு இத்தகைய நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எனக்காக முடிவெடுப்பவர் யார் என்று முன்கூட்டியே எழுதிவைக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழி செய்துள்ளது. பதினெட்டு வயது நிரம்பிய, தெளிந்த அறிவுடைய எவரும், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி வழக்கறிஞர் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்று பெறலாம். எழுத இயலாவிடினும் பிள்ளைகளை அருகழைத்துச் சொல்லிவையுங்கள். எங்கே இருக்க விரும்புகிறீர்கள், எந்தப் பதிகம் கேட்க விரும்புகிறீர்கள், யாரைப் பார்க்க வேண்டும், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதையும் கூறுங்கள். பெற்றோர் இவ்வாறு பேச்சைத் தொடங்கினால், "அபசகுனமாகப் பேசாதீர்கள்" என்று பிள்ளைகள் வாயை அடைக்காதீர்கள். அவர்கள் உங்கள் தலையிலிருந்து ஒரு பெருஞ்சுமையை இறக்கிவைக்க முயல்கிறார்கள்.

கருத்தில் கொள்ளவேண்டியவை

நம்பிக்கையின் பெயரால் நேரும் சில தீமைகளையும் சுட்டாமல் விடுதல் முறையன்று. தீரக்கூடிய நோய்க்கு மருத்துவத்தைக் கைவிட்டுப் பரிகாரம் மட்டும் செய்வது பக்தி ஆகாது. "இத்தனை ஆயிரம் கொடுத்தால் உயிர் பிழைக்கும்" என்று பேரம் பேசுவோரை நம்பாதீர்கள்; இறைவன் பேரத்துக்கு அருள்பவன் அல்லன். நோயாளியிடம், "உன் பக்தி போதவில்லை, அதனால்தான் குணமாகவில்லை" என்று ஒருபோதும் கூறாதீர்கள். அச்சொல் நோயைவிடக் கொடியது.

மற்றொன்று, வழிபாடு நோயாளியின் விருப்பமாக இருக்கவேண்டும். அவர் வேற்றுச் சமயத்தவராகவோ, கடவுள் நம்பிக்கை இல்லாதவராகவோ இருப்பின், நம் வழிபாட்டை அவர்மேல் திணிக்காமல், அவருக்கு அமைதி தருவதை அளிப்பதே அறம். அவர் மௌனத்தை விரும்பினால் மௌனமாக அருகிருப்பதும் பிரார்த்தனையே.

நிறைவாக

அன்பர்களே! மருத்துவர் செய்யவேண்டியதை மருத்துவர் செய்யட்டும். நாம் செய்யவேண்டியவை நம்மிடமே உள்ளன. வலியைத் தணிக்கக் கேட்பது, அருகிருப்பது, திருநாமம் சொல்வது, உண்மையை அன்போடு பேசுவது, காலம் வந்தபோது கைகூப்பி வழியனுப்புவது ஆகிய இவ்வைந்தும் இயன்றால், எந்த ஊரில் எந்தப் படுக்கையில் பிரியும் உயிரும் புகலூரின் அமைதியைப் பெறும்.

இன்று வழிபாடு முடிந்து இல்லம் திரும்பியதும், உங்கள் வீட்டு முதியவர் அருகில் சிறிது நேரம் அமருங்கள். அவர் கையில் திருநீறு கொடுத்து, "உங்கள் மனத்தில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். பெருமானின் அசபா நடனம் அந்த மூச்சிலும் நிகழ்கிறது என்பதை மறவாதீர்கள். நோயுற்றோர் நலம் பெறவும், பேணுவோர் வலிமை பெறவும், பிரியும் உயிர்கள் திருவடி நிழல் எய்தவும் ஆரூர்ப் பெருமான் அருள்புரிவானாக!

திருச்சிற்றம்பலம்.